எம்5-இலிருந்து எம்7ஜி-க்கு மாறலாமா? சிஸ்பெஞ்ச் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி

வணக்கம். அமேசான் கிளவுடில், வடக்கு வர்ஜீனியா ரீஜனில் ஓடும் ஒரு சேவைக்கு சர்வர் வகையை மாற்றலாமா என்று பார்க்கிறோம். இப்போது இருப்பது:

ஏபிஐ-க்கு எம்5.2எக்ஸ்லார்ஜ் மூன்று, அவைலபிலிட்டி ஸோனுக்கு (ரீஜனுக்குள் தனித்தனியாக இயங்கும் டேட்டா சென்டர் தொகுதி) ஒன்றாக. ஜாவா 17, ஸ்பிரிங் பூட், டாக்கரில் ஓடுகிறது. உச்ச நேரத்தில் மூன்றுக்கும் சேர்த்து நொடிக்கு 2,400 ரிக்வெஸ்ட். அப்போது சிபியு 60% வரை போகும், மற்ற நேரம் சராசரி 35%. பி99 லேட்டன்சி (100-இல் 99 ரிக்வெஸ்ட் முடிய ஆகும் நேரம்) 200 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது.

டேட்டாபேஸுக்கு எம்5.2எக்ஸ்லார்ஜ் ஒன்று. போஸ்ட்கிரெஸ், நாங்களே நிறுவியது. டேட்டா 220 கிகாபைட், டிஸ்க் 500 கிகாபைட், ஜிபி2 வகை.

சிஸ்பெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியின் சிபியு டெஸ்டை 8 த்ரெட்டில் ஓட்டினோம். எம்7ஜி.2எக்ஸ்லார்ஜ், எம்5-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் காட்டுகிறது. விலையோ 15% குறைவு. என் கேள்விகள்:

1. இந்த மூன்று மடங்கு உண்மையா? மூன்று மெஷினை இரண்டாகக் குறைக்கலாமா?
2. சரியாக அளந்து பார்க்க என்ன செய்ய வேண்டும்?
3. டி3.2எக்ஸ்லார்ஜும் 8 விசிபியு, 32 கிகாபைட்தான். எம்5-ஐவிட மலிவு. அதற்கே போய்விட்டால் என்ன?

பதில் 1

அந்த மூன்று மடங்கைக் கணக்கில் எடுக்காதீர்கள். சிஸ்பெஞ்சின் சிபியு டெஸ்ட் செய்வது ஒரே ஒரு வேலை, பகா எண்களைத் தேடுவது. உள்ளே சுற்றிச் சுற்றி நடப்பது 64-பிட் முழு எண் வகுத்தல். எம்5-இல் இருக்கும் ஸ்கைலேக் தலைமுறை இன்டெல் சிப்பில் அந்த வகுத்தல் மிக மெதுவாக நடக்கும். எம்7ஜி-யில் இருக்கும் கிராவிட்டானில் (அமேசானின் சொந்த ஆர்ம் சிப்) வேகமாக முடியும். இன்டெலே ஐஸ் லேக்கில் (எம்6ஐ-யில் இருக்கும் சிப்) அதைச் சரிசெய்துவிட்டது. ஆகவே எம்5-ஐயும் எம்6ஐ-ஐயும் சிஸ்பெஞ்சில் ஒப்பிட்டாலே பெரிய தாவல் தெரியும். உங்கள் ஏபிஐ நாள் முழுக்கச் செய்வது ஜேசன் பிரிப்பது, டிஎல்எஸ், ஹேஷ்மேப்பில் தேடுவது, கார்பேஜ் கலெக்‌ஷன். இவற்றில் வகுத்தலுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு கட்டளையின் வேகத்தை மெஷினின் வேகமாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே கோளாறு.

அடுத்தது விசிபியு. இரண்டிலும் 8 என்று எழுதியிருந்தாலும் அவை ஒரே பொருள் அல்ல. எம்5, எம்6ஐ, எம்6ஏ, எம்7ஐ ஆகியவற்றில் ஒரு விசிபியு என்றால் ஒரு ஹைப்பர்த்ரெட், அதாவது ஒரு கோரைப் பங்குபோடும் இரண்டு த்ரெட்டில் ஒன்று. 8 விசிபியு என்றால் உள்ளே இருப்பது 4 கோர். எம்6ஜி, எம்7ஜி, எம்8ஜி ஆகிய கிராவிட்டான் வகைகளிலும், ஏஎம்டி-யின் எம்7ஏ-யிலும் ஒரு விசிபியு என்றால் முழுதாக ஒரு கோர். எம்6ஏ-யும் எம்7ஏ-யும் ஒரே ஏஎம்டி வரிசைதானே என்று நினைத்துப் பலர் ஏமாறும் இடம் இது. எல்எஸ்சிபியு கட்டளையைப் போட்டு, கோருக்கு எத்தனை த்ரெட் என்ற வரியைப் பாருங்கள். 2 என்றால் ஹைப்பர்த்ரெட், 1 என்றால் முழுக் கோர்.

இதனால் உங்கள் 60% என்ற எண்ணையும் வேறு மாதிரி படிக்க வேண்டும். ஹைப்பர்த்ரெட் மெஷினில் 50% வரும்போதே நான்கு கோரிலும் ஆள் உட்கார்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வருவது அதே கோரைப் பங்குபோடும் இரண்டாவது த்ரெட். அது கூடுதலாகத் தருவது பெரும்பாலும் 20 முதல் 30% வேலைதான். ஆகவே எம்5-இல் 60% என்றால் 'இன்னும் 40% மிச்சம்' என்று பொருள் இல்லை, மிச்சம் அதைவிடக் குறைவு. முழுக் கோர் மெஷினில் 60% என்பது ஏறக்குறைய 60%-தான். ஆட்டோஸ்கேலிங் (சுமை ஏறினால் தானாக மெஷின் சேர்ப்பது) வரம்பை எம்5-இல் வைத்த அதே எண்ணில் எம்7ஜி-யிலும் வைத்தால் தேவைக்கு முன்பே புது மெஷின் எழும்பி, மிச்சப்படுத்தியது அங்கேயே கரைந்துவிடும்.

விலையை விசிபியு கணக்கில் ஒப்பிடாமல், 'என் லேட்டன்சி வரம்புக்குள் 10 லட்சம் ரிக்வெஸ்டுக்கு எத்தனை டாலர்' என்று ஒப்பிடுங்கள். லினக்ஸ், ஆன்-டிமாண்ட் (முன் ஒப்பந்தம் இல்லாத விலை), 2எக்ஸ்லார்ஜ், வடக்கு வர்ஜீனியா, மணிக்கு டாலரில்:

எம்5 – 0.384
எம்6ஐ – 0.384
எம்6ஏ – 0.3456
எம்7ஜி – 0.3264
எம்7ஐ – 0.4032
எம்7ஏ – 0.46368
எம்8ஜி – 0.35904

எம்5 மெஷின் ஒன்று பி99 வரம்புக்குள் நொடிக்கு 1,200 தாங்குகிறது என்று உதாரணத்துக்கு வைப்போம். மணிக்கு 43.2 லட்சம் ரிக்வெஸ்ட், 10 லட்சத்துக்கு சுமார் 0.089 டாலர். இதே செலவில் நிற்க எம்7ஜி 1,020 தாங்கினால் போதும். எம்6ஏ-வுக்கு 1,080, எம்8ஜி-க்கு 1,122, எம்7ஐ-க்கு 1,260, எம்7ஏ-வுக்கு 1,449. அதற்கு மேல் தாங்கும் ஒவ்வொன்றும் லாபம். டெஸ்ட் தொடங்கும் முன்பே இந்த எண்களைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். முடிவு வந்தபிறகு எழுதினால் கண் ஏற்கெனவே பிடித்த மெஷின் பக்கமே சாயும்.

எம்6ஐ-க்கும் எம்5-க்கும் ஒரே விலை என்பதையும் கவனியுங்கள். மெஷினை நிறுத்தி, வகையை மாற்றி, மறுபடி தொடங்கினால் போதும், கோடில் எதையும் தொட வேண்டாம். எம்7ஜி முடிவாகும் வரை இதையாவது செய்துவிடலாம்.

இரண்டு மெஷினாகக் குறைப்பதற்கு முன் ஒரு கணக்கு. இப்போது மூன்றில் ஒன்று விழுந்தால் மீதி இரண்டும் ஆளுக்கு 1,200 தாங்க வேண்டும். 60% என்பது 90% ஆகிவிடும், அதுவும் ஹைப்பர்த்ரெட் 90%. இப்போதைய அமைப்பே அதைத் தாங்குமா என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். இரண்டே மெஷின் வைத்து ஒன்று விழுந்தால் மிச்சமுள்ளது தனியாக 2,400 தாங்க வேண்டும்.

பதில் 2

இரண்டாவது கேள்விக்கு வரேன். டெஸ்ட் எப்படிப் பண்றதுன்னு வரிசையா சொல்றேன், அவசரப்பட்டு எதையும் தாண்டாதீங்க.

மெஷின்: ஒவ்வொரு வகையிலும் மூணு எடுங்க, எல்லாம் ஒரே ஸோன்ல. ஒண்ணே ஒண்ணு எடுத்தா, அந்த ஹோஸ்ட்ல பக்கத்துல யார் இருக்காங்கங்கிறதையும் சேர்த்து அளக்குற மாதிரி ஆயிடும். எம்5, எம்6ஐ, எம்7ஜி மூணையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க. காலையில எம்5, சாயங்காலம் எம்7ஜின்னு பிரிக்காதீங்க. மூணு மெஷினோட நடு எண்ணை எடுங்க. மூணுக்குள்ளேயே 5%-க்கு மேல வித்தியாசம் வந்தா, ரெண்டு வகைக்கு நடுவுல இருக்கிற 4% வித்தியாசத்தைப் பத்திப் பேசவே கூடாது.

லோடு ஜெனரேட்டர் (சோதனை ரிக்வெஸ்டை அனுப்புறது): தனி மெஷின், அதே ஸோன். அதோட சிபியு 50% தாண்டக் கூடாது, தாண்டினா அளக்குறது அதோட வேகத்தைத்தான். டபிள்யூஆர்கே2 எடுத்துக்குங்க, பழைய டபிள்யூஆர்கே வேண்டாம். காரணம் இருக்கு. பழையது பதில் வந்தபிறகுதான் அடுத்த ரிக்வெஸ்டை அனுப்பும். நொடிக்கு 1,000 போற இடத்துல சர்வர் ஒரு நொடி உறைஞ்சு நின்னா, நிஜத்துல 1,000 பேர் காத்திருப்பாங்க. ஆனா 50 கனெக்‌ஷனோட ஓடுற டூல் 50 ரிக்வெஸ்ட் மட்டும் மெதுவா வந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிடும். பி99 அழகா தெரியும், ஆனா அது பொய். டபிள்யூஆர்கே2-ல வேகத்தை நாமளே நிர்ணயிக்கிறோம், அனுப்ப வேண்டிய நேரத்துல இருந்து லேட்டன்சியைக் கணக்குப் பண்ணும். கே6 பயன்படுத்துறவங்க நிலையான வருகை வேகம்ங்கிற முறையை எடுக்கணும்.

ஓட்டம்: முதல் 10 நிமிஷம் சூடாக்க, அதோட எண் வேண்டாம். ஜாவா ஜேஐடி கம்பைல் ஆகி முடியாம எதை அளந்தாலும் பயன் இல்லை. அப்புறம் 600, 800, 1,000, 1,200, 1,400, 1,600ன்னு ஒவ்வொரு படியிலயும் 20 நிமிஷம். பி99 200-ஐத் தாண்டுற படிக்கு முந்தின படிதான் உங்க எண். ஒரே யூஆர்எல்லைத் திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, ஆக்சஸ் லாக்ல இருக்கிற கலவையில அனுப்புங்க.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம். எம்5, எம்6ஐ, எம்7ஜி மூணும் ஒரே இடத்துல, 1,250 பக்கத்துல முட்டி நிக்குதுன்னு வைங்க. சிபியு 45%-லேயே இருக்கு, லேட்டன்சி மட்டும் ஏறுது. உடனே 'மூணும் ஒரே வேகம்'னு எழுதிடாதீங்க. ஸ்பிரிங் பூட் கூட வர்ற, டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்தே வச்சிருந்து கொடுக்கிற ஹிகாரி கனெக்‌ஷன் பூலோட இயல்பு அளவு 10. ஒரு ரிக்வெஸ்ட் டேட்டாபேஸ் கனெக்‌ஷனை 8 மில்லிசெகண்ட் பிடிச்சு வச்சிருந்தா, ஒரு கனெக்‌ஷன்ல நொடிக்கு 125, பத்துல 1,250. அதுக்கு மேல எந்தச் சிப்பைப் போட்டாலும் போகாது. நீங்க அளந்தது பூலை, சிப்பை இல்லை. பூல்ல காத்திருக்கிற த்ரெட் எத்தனைங்கிற மெட்ரிக்கைத் திறந்து வச்சுட்டு டெஸ்டை ஓட்டுங்க. டேட்டாபேஸ் மெஷினும் அந்த நேரத்துல திணறக் கூடாது, ஏபிஐ டெஸ்டுக்கு மட்டும் பெரிய மெஷினா வச்சுக்குங்க.

டேட்டாபேஸுக்குத் தனி டெஸ்ட். பிஜிபெஞ்ச்ல (போஸ்ட்கிரெஸ் கூடவே வர்ற சோதனைக் கருவி) ஸ்கேல் 1-க்கு அக்கவுண்ட்ஸ் டேபிள்ல 1 லட்சம் வரிசை, சுமார் 15 மெகாபைட். ஸ்கேல் 100 போட்டா ஒன்றரை கிகாபைட் வரும், மொத்தமும் 32 கிகாபைட் மெமரிக்குள்ள அடங்கிடும், டிஸ்க்கே தொடாது. உங்களுக்கு 220 கிகாபைட் டேட்டா, அதனால 4,000-மாவது போடுங்க, 60 கிகாபைட் பக்கம் வரும். ஓட்டம் 1 மணி நேரத்துக்கு மேல இருக்கணும். போஸ்ட்கிரெஸ் செக்பாயிண்ட் (மெமரியில மாறினதை டிஸ்க்ல எழுதுற வேலை) இயல்பா 5 நிமிஷத்துக்கு ஒண்ணு, குறைஞ்ச நேரம் ஓட்டினா அதோட பாதிப்பே வராது.

டிஸ்க்ல இன்னொரு பொறி. ஜிபி2-ல கிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை தடவை படிக்க, எழுத முடியும்ங்கிற எண்). உங்க 500-க்கு 1,500. சேமிப்புல 54 லட்சம் கிரெடிட் இருக்கிற வரை 3,000 தரும். 3,000-ல ஓட்டினா நொடிக்கு 1,500 கிரெடிட் கரையும், 3,600 நொடியில காலி. அதாவது சரியா 1 மணி நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் பாதியாயிடும். 10 நிமிஷ எஃப்ஐஓ (டிஸ்க் சோதனைக் கருவி) டெஸ்ட் இதைக் காட்டவே காட்டாது. ஜிபி3-ல அளவு எதுவா இருந்தாலும் 3,000 ஐஓபிஎஸ், நொடிக்கு 125 மெகாபைட், நிலையா. விலையும் கிகாபைட்டுக்கு மாசம் 0.10-க்குப் பதில் 0.08.

அதுக்கும் மேல மெஷினுக்கே ஒரு டிஸ்க் வரம்பு இருக்கு. எம்5.2எக்ஸ்லார்ஜ் 4,750 மெகாபிட் வரை போகும்னு போட்டிருக்கும். நிலையா தர்றது 2,300 மெகாபிட், அதாவது நொடிக்கு சுமார் 287 மெகாபைட். மேல் வரம்பு ஒரு நாளைக்கு ஒரு தடவை 30 நிமிஷத்துக்குத்தான் உறுதி. டிஸ்க் வரம்பு, மெஷின் வரம்பு ரெண்டுல எது சின்னதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். ஸ்னாப்ஷாட்ல இருந்து உருவாக்கின டிஸ்க்னா, முதல் தடவை படிக்கிற ஒவ்வொரு பிளாக்கும் எஸ்3-ல (அமேசானோட கோப்புச் சேமிப்பு) இருந்து வரும், ரொம்ப மெதுவா இருக்கும். முழு டிஸ்க்கையும் ஒரு தடவை படிச்சு முடிச்சுட்டு டெஸ்டை ஆரம்பிங்க.

பதில் 3

டி3 பற்றி மட்டும். டி3.2எக்ஸ்லார்ஜ் மணிக்கு 0.3328. முதலில் ஒன்று: இது எம்7ஜி-யின் 0.3264-ஐவிட அதிகம். நீங்கள் ஒப்பிட வேண்டியது எம்7ஜி-யோடுதான், ஆகவே மலிவு என்ற வாதமே அங்கே நிற்காது.

எம்5-ஓடு ஒப்பிட்டாலும் நிபந்தனை உண்டு. டி3.2எக்ஸ்லார்ஜின் அடிப்படை அளவு விசிபியு-வுக்கு 40%. 24 மணி நேரச் சராசரி அதற்குள் இருந்தால் கூடுதல் கட்டணம் இல்லை. டி3-இல் அன்லிமிடெட் முறை இயல்பாகவே இயங்கும் என்பதால் அதைத் தாண்டினால் வேகம் குறையாது, பில் ஏறும், ஒரு விசிபியு மணிக்கு 0.05 டாலர். எம்5-க்கும் டி3-க்கும் உள்ள வித்தியாசம் 0.0512, அதாவது மணிக்கு 1.024 விசிபியு. எட்டில் அது 12.8%. ஆகச் சராசரி 52.8%-ஐத் தாண்டினால் டி3 எம்5-ஐவிட விலை அதிகம். நாள் முழுக்க 100% ஓடினால் 0.3328-உடன் 0.24 சேர்ந்து 0.5728 ஆகும்.

உங்கள் சராசரி 35% என்பதால் கணக்கு இன்றைக்கு ஒத்துவரும். ஆனால் ஒரு மெஷின் விழுந்த நாளில் மற்ற இரண்டின் சராசரி 52.5%, அதாவது சமநிலைப் புள்ளியில் வந்து நிற்கும். அன்லிமிடெட்டை அணைத்து வைத்திருந்தால் இன்னும் மோசம், கிரெடிட் (அடிப்படை அளவுக்குக் கீழே ஓடும்போது சேரும் சிபியு இருப்பு) தீர்ந்ததும் மெஷின் 40%-க்கு இழுத்துக் கட்டப்படும், டாப் கட்டளையில் ஸ்டீல் என்ற எண் ஏறுவது தெரியும். சோதனைச் சூழலுக்கும் உள் அலுவலகக் கருவிகளுக்கும் டி வகை அருமையானது. உங்கள் ஏபிஐ-க்கு வேண்டாம்.

பதில் 4

பதில் 1-இல் சொன்ன ஒரு மெஷின் விழும் கணக்கோடு ஒரு யோசனை. 2எக்ஸ்லார்ஜுக்குப் பதில் எக்ஸ்லார்ஜ் வைத்தால் என்ன? விலை நேர்பாதி, தாங்குவதும் ஏறக்குறைய பாதி, 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400-க்கு நான்கு, விழுந்தால் ஈடுகட்ட ஒன்று, மொத்தம் ஐந்து எக்ஸ்லார்ஜ். இப்போது இருப்பது ஆறு எக்ஸ்லார்ஜுக்குச் சமம். வகையையே மாற்றாமல் ஆறில் ஒரு பங்கு குறைகிறது.

பதில் 1 எழுதியவர்

ஒரு மெஷின் விழுவதற்கு அது சரி. ஒரு ஸோனே விழுந்தால் சரிவராது. ஐந்தை மூன்று ஸோனில் 2, 2, 1 என்றுதான் பிரிக்க முடியும். இரண்டு இருக்கும் ஸோன் போனால் மிச்சம் மூன்று, 1,800-தான் தாங்கும், 600 பேர் வெளியே நிற்பார்கள். 2, 2, 2 என்று ஆறு வைத்தால் நான்கு மிஞ்சும், 2,400 சரியாக வரும். ஆனால் அது மூன்று 2எக்ஸ்லார்ஜின் விலையேதான். ஸோன் இழப்பைத் தாங்க வேண்டும் என்ற முடிவு இருந்தால் சின்னதாக உடைப்பதில் பணம் மிச்சமாகாது.

சின்ன மெஷினில் நெட்வொர்க்கையும் பார்க்க வேண்டும். '10 கிகாபிட் வரை' என்று போட்டிருப்பது வெடிப்பு வேகம். நிலையாகக் கிடைப்பது எம்5.2எக்ஸ்லார்ஜில் 2.5 கிகாபிட், எம்5.லார்ஜில் 0.75. வரம்பு மீறினால் பாக்கெட் வரிசையில் நிற்கும் அல்லது கீழே விழும், சிபியு வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. ஈத்டூல் கட்டளையில் இஎன்ஏ டிரைவரின் கணக்கை எடுத்து, 'அலவன்ஸ் எக்ஸீடட்' என்று முடியும் வரிகள் பூஜ்யத்தில் நிற்கின்றனவா என்று டெஸ்டுக்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஹிகாரி பூல் எங்களிடமும் 10-இல்தான் இருக்கிறது, மாற்றிவிட்டு அளக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஆர்ம் சிப்புக்கு மாறுவதில் ஜாவாவுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் என்ன இடறும்? மூன்று வருட சேவிங்ஸ் பிளான் (மணிக்கு இத்தனை டாலர் செலவழிப்போம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது) இப்போதே வாங்கினால் தள்ளுபடி நிறைய கிடைக்கும் என்கிறார்கள், வாங்கிவிட்டுப் பிறகு மாறலாமா?

பதில் 5

ஜாவா பக்கம் பெரும்பாலும் சுலபம். ஜார் அப்படியே ஓடும். இடறுவது ஜாருக்குள் ஒளிந்திருக்கும் சி லைப்ரரிகள்தான். கம்ப்ரஷன், டிஎல்எஸ், படம் சுருக்குவது போன்ற லைப்ரரிகள் எஸ்ஓ கோப்புகளை (ஒரு சிப் வகைக்கென்றே கம்பைல் ஆனவை) கூடவே கொண்டுவரும். எல்லா ஜாரையும் விரித்து, எஸ்ஓ என்று முடியும் கோப்புகளில் ஆர்ச்64 (64-பிட் ஆர்ம்) பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் லைப்ரரியின் புதிய பதிப்புக்குப் போங்கள். இந்தப் பிழை சர்வர் எழும்பும்போது வராமல், அந்தக் கோடை முதன்முதலில் தொடும்போதுதான் வரும். ஆகவே 'எழும்பிவிட்டது, வேலை முடிந்தது' என்று விட்டுவிடக் கூடாது.

டாக்கர் இமேஜை இரண்டு ஆர்க்கிடெக்சருக்கும் கட்ட வேண்டும். எக்ஸ்86 இமேஜை ஆர்மில் ஏற்றினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று ஒரே வரியில் நின்றுவிடும். கட்டும் வேலையை எக்ஸ்86 மெஷினில் கியூஎம்யூ எமுலேஷனில் செய்தால் பல மடங்கு நேரம் எடுக்கும், கட்டுவதற்கே ஒரு சின்ன கிராவிட்டான் மெஷினை வையுங்கள். கண்காணிப்பு ஏஜென்ட், பாதுகாப்பு ஏஜென்ட் ஆகியவற்றுக்கு ஆர்ம் பதிப்பு உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் மாற்றம் நின்றுபோவது கோடால் இல்லை, இதனால்தான்.

போஸ்ட்கிரெஸில்தான் கவனம் தேவை. டேட்டா டைரக்டரியை அப்படியே தூக்கி ஆர்மில் வைக்காதீர்கள், எக்ஸ்86 முதன்மையிலிருந்து ஆர்ம் துணைக்கு ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனும் போடாதீர்கள். அது எழும்பும், வேலை செய்வது போலவும் தெரியும், அதுதான் ஆபத்து. சி மொழியில் கேர் என்ற வகை எக்ஸ்86 லினக்ஸில் குறியோடும், ஆர்மில் குறி இல்லாமலும் இருக்கும். போஸ்ட்கிரெஸ் 18-க்கு முந்தைய பதிப்புகளில், அதை நம்பி வரிசைப்படுத்தும் இண்டெக்ஸ், உதாரணமாக பிஜி_டிஆர்ஜிஎம் எக்ஸ்டென்ஷனின் ஜின் இண்டெக்ஸ், தமிழ் மாதிரி ஆஸ்கி அல்லாத எழுத்து வந்ததும் தவறான பதில் தரத் தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, இருக்கும் வரிசை தேடலில் கிடைக்காமல் போகும். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் அல்லது டம்ப் எடுத்து ஏற்றுவது, இந்த இரண்டு வழிதான் சரி. லாஜிக்கலில் சீக்குவன்ஸ் எண்கள் கூட வருமா என்பது பதிப்பைப் பொறுத்தது, ஆகவே மாற்றும் நாளில் அவற்றைக் கையால் சரிபாருங்கள்.

என் பரிந்துரை: ஏபிஐ-யை எம்7ஜி-க்கு மாற்றுங்கள், டேட்டாபேஸை இப்போதைக்கு எம்6ஐ-யில் நிறுத்துங்கள். ஏபிஐ மெஷின் மூன்றுக்கும் சேர்த்து மாதம் 840.96 டாலர் 714.82 ஆகும். ஒரே ஒரு டேட்டாபேஸ் மெஷினில் மாதம் 42 டாலருக்காக இவ்வளவு வேலையை இப்போதே இழுத்துவிட வேண்டியதில்லை.

பதில் 6

சேவிங்ஸ் பிளானை இப்போது வாங்காதீர்கள். மாறி முடித்து, நான்கைந்து வாரம் ஓடியபிறகு வாங்குங்கள். இரண்டு வகை உண்டு. இசி2 இன்ஸ்டன்ஸ் பிளான் தள்ளுபடி அதிகம், 72% வரை, ஆனால் ஒரு ரீஜனில் ஒரு குடும்பத்துக்கு மட்டும். எம்5-க்கு வாங்கியது எம்7ஜி-க்குச் செல்லாது. மூன்று வருடம் ஓடாத மெஷினுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கம்ப்யூட் பிளான் 66% வரை, எந்தக் குடும்பம், எந்த ரீஜன் ஆனாலும் செல்லும். நீங்கள் ஒப்புக்கொள்ளும் மணிக்கு இத்தனை டாலர் என்பது தள்ளுபடி கழித்த விலையில் கணக்கிடப்படும், ஆன்-டிமாண்ட் விலையில் இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு தேவைக்கு மேல் வாங்கிவிடுவது சகஜம். ராத்திரி 3 மணிக்கு எவ்வளவு ஓடுகிறதோ, அந்த அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

மெஷின் விலையில் 126 டாலர் மிச்சம் பிடிக்கும் முன் பில்லின் மற்ற வரிகளையும் பாருங்கள். இன்டர்நெட்டுக்கு வெளியே போகும் டேட்டா, மாதம் முதல் 100 கிகாபைட் போக, கிகாபைட்டுக்கு 0.09. மாதம் 2,000 கிகாபைட் என்றால் 171 டாலர். ஏபிஐ மூன்று ஸோனிலும் டேட்டாபேஸ் ஒரு ஸோனிலும் இருக்கிறது, ஆக மூன்றில் இரண்டு பங்கு போக்குவரத்து ஸோனைத் தாண்டுகிறது. அதற்கு அனுப்பும் பக்கம் 0.01, வாங்கும் பக்கம் 0.01. மாதம் 5,000 கிகாபைட் தாண்டினால் 100 டாலர். நாட் கேட்வே (உள் மெஷின்களை இன்டர்நெட்டுக்கு வெளியே விடும் வழி) ஒன்றுக்கு மாதம் 32.85, அதில் போகும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் 0.045. எஸ்3-க்குப் போகும் டேட்டா நாட் வழியே போகிறதா என்று பாருங்கள், கேட்வே எண்ட்பாயிண்ட் (எஸ்3-க்கு நாட் இல்லாமல் நேர் வழி) போட்டால் அந்தக் கட்டணமே இல்லை. பொது ஐபிவி4 முகவரிக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005, மாதம் 3.65. ஏபிஐ பதில்களை ஜிஜிப் செய்து அனுப்பாமல் இருந்தால் அதைத் திறப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே முதலில் செய்ய வேண்டிய வேலை.

பதில் 2 எழுதியவர்

ஒண்ணு விட்டுப்போச்சு. இந்த முறை மத்த கிளவுடுக்கும் அப்படியே பொருந்தும், ஆனா அங்கே சிப் எதுன்னு முதல்ல பாருங்க. கூகுளோட ஈ2 வகையில மெஷின் எழும்பும்போது இன்டெல் வருமா ஏஎம்டி வருமாங்கிறதை அவங்களே முடிவு பண்ணுவாங்க. அசூரோட டிவி3-லயும் பல இன்டெல் தலைமுறை கலந்திருக்கும். ரெண்டு தடவை எழுப்பி ரெண்டு எண் வந்தா, எல்எஸ்சிபியு-வுல சிப் பேரைப் பார்த்து அதையும் முடிவு கூடவே எழுதி வைங்க.

டிஸ்க்கை ஜிபி2-ல இருந்து ஜிபி3-க்கு மாத்துறதுக்கு மெஷினை நிறுத்த வேண்டாம், ஓடும்போதே மாத்தலாம். மாத்தினதும் 'ஆப்டிமைசிங்'ங்கிற நிலையில கொஞ்ச நேரம், சில சமயம் பல மணி நேரம் இருக்கும். அது முடியுற வரைக்கும் பிஜிபெஞ்ச் ஓட்டாதீங்க, அந்த எண் ஜிபி2-க்கும் சேராது, ஜிபி3-க்கும் சேராது.